நாற்பது செகண்டும் பதினோரு நிமிஷமும்

அத்தியாயம் 9

போன வாரம் நர்ஸம்மாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? சமையலறை நாற்காலியில், ஒரு முட்டியில் ஐஸ் பையும் மடியில் ஆபீஸ் கடிதமுமாக. இடப்பக்கம் ஒரு அட்டைப்பெட்டி, வலப்பக்கம் ஒரு அட்டைப்பெட்டி. இரண்டிலும் சைக்கிளில் மாட்டுகிற மோட்டார். ஒன்று கணவர் வாங்கியது, இன்னொன்று மகள் கொண்டுவந்தது. "எதை மாட்டுறது?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்க, அவள் ஐஸ் பையை அடுத்த முட்டிக்கு மாற்றிக்கொண்டாள்.

கடிதம் சுருக்கமானது. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலையை அவள் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. பெரிய மேட்டுக்குக் கார் போகாது. தெருமுனையில் இரும்புக் கம்பி நட்டிருக்கிறார்கள். நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், அவ்வளவுதான். போன மாதம் மூன்று நாள் அவள் பாதி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு சோதனைச் சுற்று. மேட்டில் ஐந்து வீடு, ஒன்றரை மணி நேரம். முடித்தால் மேடு அவளுக்கே. முடியாவிட்டால் திங்கள்கிழமை முதல் ஆபீஸில் போன் எடுக்கும் வேலை.

நிழலில் உட்கார்ந்த வேலை, அதே சம்பளம். வேறு யாராவது இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் மேலே கடைசி வீட்டில் ஒரு கப்பல்காரர் இருக்கிறார். சர்க்கரை வியாதியில் இரண்டு விரல் போன கால். வேறு யார் கட்டைப் பிரித்தாலும் தெருவே அதிரக் கத்துகிறவர், இவள் பிரிக்கும்போது மட்டும் துறைமுகக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அந்த மனுஷருக்குப் போனில் எப்படிக் கட்டுப்போடுவது?

வெள்ளிக்கிழமை விடிந்தது.

"என்னோடதுதான் முதல்ல" என்றார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நேற்றுச் சாயங்காலமே முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தன் மோட்டார் சக்கரத்தை மாட்டிவிட்டார். சக்கரத்தின் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மோட்டார் உட்கார்ந்திருந்தது.

"வயசுக்கு மரியாதை குடுத்து விட்டுட்டேன்" என்றாள் மகள். சைக்கிள் கடையில் வேலை பார்ப்பவள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. "ஆனா சொல்லிட்டேன்ப்பா. இது சமதரைக்கு அருமையான சாமான். மேட்டுக்கு ஆகாது."

"ஐநூறு வாட்டு! யானையை இழுக்கும்."

"யானை எதுக்குப்பா மேட்டுக்குப் போவுது? அம்மால்ல போறாங்க."

"உன்னோடது இருநூத்தம்பதுதானே? எங்க லிஃப்ட்ல கதவைத் திறக்க வெச்சிருக்கிற மோட்டாரே அதைவிடப் பெருசு, கழுதை."

"அந்தக் கதவு மோட்டாருக்கு எட்டு கியர் இருக்கா? என்னோடது பெடல் நடுவுல உக்காரும். செயின் வழியா இழுக்கும். அம்மா கியரை இறக்கினா அதுவும் சேர்ந்து இறங்கும். உங்களோடதுக்கு ஒரே கியர். மேட்டுல மூச்சைப் பிடிச்சிக்கிட்டு முக்கணும்."

"முக்கட்டுமே! நான் சும்மா வாங்கிட்டு வந்தேன்னு நெனச்சியா? நம்ம ஏழு மாடிக் கட்டடத்துல கார் ஏறுற சரிவு இருக்குல்ல, அதுல உங்கம்மா எடைக்கு மணல் மூட்டை கட்டி முப்பது தடவை ஏத்திப் பாத்தேன். முப்பது! ஒரு தடவை திணறல."

முப்பது என்றதும் வாலு பம்பை எடுத்துப் பின்சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போனாள். நர்ஸம்மா ஹெல்மெட்டை மாட்டினாள். பின்னால் கட்டுத்துணிப் பை, ஒன்பது கிலோ. "சண்டையை நிறுத்துங்க ரெண்டு பேரும். ஏறிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

பெரிய மேட்டின் அடிவாரத்திலிருந்து முதல் வீடு வரைக்கும் மிதித்தால் பதினோரு நிமிஷம், நடுவில் சமதளமே கிடையாது. வளைந்து வளைந்து ஒரே ஏற்றம். கணவர் முன்னாலேயே நடந்து போய் முதல் வீட்டு வளைவில் நின்றார். வாலு தன் சைக்கிளில் பின்னாலேயே வந்தாள்.

முதல் ஐந்து நிமிஷம் நர்ஸம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல முன்சக்கரம் பறந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் முட்டி வாயைத் திறக்காத முதல் ஏற்றம் அது. "என்னங்க, இது ஜோரா போவுதே!" என்று அவள் கத்த, மேலே வளைவில் கணவர் இரண்டு கையையும் தூக்கி ஆடினார்.

ஏழாவது நிமிஷம், வேகம் குறைந்தது. அவள் மிதித்தாள். இன்னும் குறைந்தது. எட்டாவது நிமிஷம் கைப்பிடியில் இருந்த சின்னத் திரை இரண்டு முறை கண்ணடித்து அணைந்தது. மோட்டார் செத்தது. மேட்டு நடுவில், இருபத்தெட்டு கிலோ சைக்கிளும் ஒன்பது கிலோ பையும் அவளைப் பின்னால் இழுத்தன. காலை ஊன்றினாள். வலது முட்டியில் சுரீரென்று ஒன்று பாய்ந்தது. வாலு பாய்ந்து வந்து சீட்டைப் பிடித்தாள்.

நர்ஸம்மா பழக்கதோஷத்தில் புறங்கையை மோட்டார் மேல் வைத்துப் பார்த்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"காய்ச்சல் நூத்தி அஞ்சுக்குக் குறையாது. கொதிக்குது."

கணவர் மேலேயிருந்து தடதடவென்று ஓடிவந்தார். "ஒயர் லூசா இருக்கும்! ஒயர்தான்! நான் பாக்கிறேன்."

"ஒயரை விடுங்க" என்றாள் அவள். நோயாளியிடம் விசாரிக்கிற அதே குரல். "நீங்க சரிவுல ஏத்திப் பாத்தீங்களே, முப்பது தடவை. ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாப்பது செகண்டு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மேல போய் நின்னுட்டேன். கொஞ்சம் விட்டு... கீழ இறக்கி... கொஞ்சம் விட்டு... திரும்ப..."

அவர் குரல் தேய்ந்து நின்றது. இருபத்தாறு வருஷமாக அவர் வாழ்க்கையில் எது மேலே ஏறினாலும் நாற்பது செகண்டில் போய்ச் சேர்ந்துவிடும். நிற்கும். கதவு திறக்கும். மோட்டார் ஆறும். அப்புறம் இறங்கும். முப்பது தடவை அவர் சோதித்தது மேட்டை அல்ல, லிஃப்டை.

நடைபாதை விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "பதினோரு நிமிஷம் நிக்காம ஏறுற லிஃப்டை நான் பாத்ததே இல்லம்மா" என்றார்.

வாலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் பார்வையைப் பார்த்து அதை இருமலாக்கிக்கொண்டாள்.

"இப்ப என்னோடதை மாட்டலாமா?"

"இரு, உன்னையும் நாலு கேள்வி கேக்கணும்" என்றாள் நர்ஸம்மா. வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா சரிவைப் பாத்தாரு, நேரத்தைப் பாக்கல. நீ எதைப் பாக்கல? எனக்கு அஞ்சு வீடு. மேட்டு நடுவுல அஞ்சு தடவை நிக்கணும், நாலு தடவை நின்ன இடத்துலேர்ந்து கிளம்பணும். கிளம்புமா?"

"கிளம்பும்மா. சிலது பெடல் அரைச் சுத்து சுத்தினாதான் முழிச்சிக்கும். இது கால் வெச்சு அழுத்தினதுமே முழிச்சிக்கும். எவ்வளவு அழுத்துறீங்களோ அதுக்கேத்த மாதிரி தள்ளும்."

"சூடாகாதா?"

"சின்ன கியர்ல போனா மோட்டார் வேகமா சுத்தும், திணறாது. திணறினாத்தான் சூடு. ஆனா..." வாலு தலையைச் சொறிந்தாள். "பின்னாடி இருக்கிற பல்சக்கரம் பத்தாது. பெருசு போடணும். கடையில இருக்கு, எடுத்துட்டு வந்திடுறேன்."

"அதைத்தான் கேட்டேன். நீ பாக்காத விஷயம் அதுதானா?"

"இன்னொண்ணும் இருக்கு. கியர் மாத்துற நேரத்துல காலை ஒரு நொடி லேசா விடணும். அழுத்திக்கிட்டே மாத்தினா செயின் அறுந்திடும். பழகுறதுக்கு ஒரு வாரம் ஆகும்னு கடையில சொல்லுவாங்க."

"எனக்கு எட்டு மணி நேரந்தான் இருக்கு." நர்ஸம்மா சைக்கிளைத் திருப்பினாள். "ஊசி உள்ள போனதும் மருந்தைத் தள்றதுக்கு முன்னாடி ஒரு நொடி கையை நிறுத்துவேன். பத்தொன்பது வருஷமா நிறுத்துறேன். கை செய்யறதைக் கால் செய்யாதா? மாட்டு."

காலையில் அவளுக்குக் கீழ்த்தெருவில் ஆறு வீடு. நடந்தே முடித்தாள். வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. முற்றத்தில் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. பக்கத்தில் வாலு, கையெல்லாம் கிரீஸ், கண்ணெல்லாம் தண்ணீர்.

"வரவே மாட்டேங்குதும்மா! இடது பக்கப் பெடல் கை. துருப் பிடிச்சு ஒட்டிக்கிச்சு. அதைக் கழட்டுற புல்லரோட மரையே வழுக்கிடுச்சு. இதைக் கழட்டாம மோட்டாரை உள்ளே நுழைக்க முடியாது."

காலையிலிருந்து அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர், எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் நண்டுக்கால் மாதிரி மூன்று கொக்கி வைத்த பெரிய இரும்புச் சாமான்.

"என்னப்பா இது?"

"எங்க கப்பியைக் கழட்டுறது. தள்ளு."

"அப்பா, இது சைக்கிளு. லிஃப்ட் இல்ல."

"துருவுக்கு அது தெரியாது. தள்ளு, கழுதை."

மூன்று கொக்கியையும் மாட்டினார். நடுத் திருகை இறுக்கினார். பெடல் கையின் பக்கவாட்டில் ரப்பர்ச் சுத்தியால் தட்டினார். இறுக்கினார். தட்டினார். அவசரமே இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. மணி இரண்டு. இரண்டே கால். நர்ஸம்மா பையில் கட்டுத்துணியை அடுக்குவதுபோல நடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள்.

'டங்!'

பெடல் கை பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. வாலு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் அவர் வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ்.

"இனிமே லிஃப்டைப் பத்தி ஒரு வார்த்தை கிண்டல் பண்ண மாட்டேன்ப்பா!"

"பண்ணு பண்ணு. உன்னால பண்ணாம இருக்க முடியாது" என்றார் அவர். ஆனால் முகம் முழுக்க பல்.

அதன் பிறகு மளமளவென்று நடந்தது. மோட்டார் நுழைந்தது, பேட்டரி குழாயில் ஏறியது, பின்னால் குட்டித் தட்டு அகலத்துக்குப் புதுப் பல்சக்கரம். மூன்றரை மணிக்கு நர்ஸம்மா முற்றத்தில் நாலு சுற்று சுற்றினாள். கியர் மாற்றும்போது ஒரு நொடி காலை விட்டாள். செயின் சத்தமில்லாமல் தாவியது. "பாத்தியா? ஒரு வாரமாம்!" என்றாள்.

நான்கு மணிக்கு அடிவாரத்தில் மேற்பார்வை அம்மாள் நின்றிருந்தார். ஆபீஸ் மொத்தமும் அவரை ஸ்டாப்வாட்ச் என்றுதான் சொல்லும். நாற்பது வயது, தினமும் நீச்சல், மெல்லிசான பந்தயச் சைக்கிள். அதில் மோட்டாரும் இல்லை, மட்கார்டும் இல்லை.

"மோட்டாரா?" என்றார் அவர்.

"விதியில சைக்கிள்னுதான் போட்டிருக்கு மேடம். மிதிச்சாத்தான் ஓடும்."

"ஓடட்டும். எனக்கு மேல போய்ச் சேர்றது மட்டும் முக்கியமில்ல. கடைசி வீட்டுல முட்டி போட்டு உக்காந்து கட்டுப் போடணும். கை நடுங்கினா, மூச்சு வாங்கினா, முடிஞ்சுது. நான் உங்களுக்கு முன்னாடியே போய் அங்க உக்காந்திருப்பேன்." கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு அவர் பறந்தார்.

நர்ஸம்மா பறக்கவில்லை. சின்னக் கியரில் போட்டு, நடை வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக, மிதித்தாள். காலையில் யாரோ கையைப் பிடித்து இழுத்தது மாதிரி இருந்தது அல்லவா, இப்போது அப்படி இல்லை. தன் காலே முப்பது வயதுக்குத் திரும்பிப் போய்விட்டது மாதிரி இருந்தது. அழுத்தினால் கூட வந்தது, விட்டால் விட்டது.

எட்டாவது நிமிஷம். காலையில் செத்த அதே இடம். குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. காய்ச்சல் இல்லை. வளைவு கடந்தது.

பதினோராவது நிமிஷம் முதல் வீடு. தையல்காரி, முழங்கைத் தீப்புண். முடித்தாள். கிளம்பினாள். நின்ற இடத்திலிருந்து, செங்குத்தில், கால் வைத்ததும் கிளம்பியது! இரண்டாவது வீடு. மூன்றாவது வீடு. நான்காவது வீட்டில் கிழவர் தூங்கிவிட்டார், எழுப்ப ஏழு நிமிஷம் போயிற்று. பரவாயில்லை, கையில் இன்னும் முப்பது நிமிஷம் இருந்தது.

கடைசி ஏற்றம்தான் இருப்பதிலேயே மோசம். அவள் வளைவில் திரும்பினாள். முன்னால், மெல்லிசான பந்தயச் சைக்கிளின் மேல் நின்றுகொண்டு, இடது வலது இடது வலது என்று ஆடி ஆடி, ஸ்டாப்வாட்ச். நான்கு வீட்டு வாசலிலும் நின்று எட்டிப்பார்த்துக் குறிப்பெடுத்துவிட்டுப் புறப்பட்டவர், முன்னால் போய்விடலாம் என்று நினைத்த இடத்தில் மேடு அவரைப் பிடித்துக்கொண்டது. முதுகெல்லாம் வேர்வை. மூச்சு இரண்டு வீட்டுக்குக் கேட்டது.

நர்ஸம்மா ஒரு நொடி காலை விட்டுக் கியரை மாற்றினாள். பக்கத்தில் வந்தாள். தாண்டினாள்.

"மெதுவா வாங்க மேடம். அவசரமில்ல. நான் மேல உக்காந்திருக்கேன்."

எதிர் வளைவில், வரக்கூடாது என்று சொல்லியும் வந்து நின்றிருந்த இரண்டு பேர் ஊளையிட்டார்கள். லிஃப்ட்காரர் விசிலே அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கப்பல்காரர் கால் நீட்டித் தயாராக இருந்தார். "என்னம்மா, மூச்சே வாங்கல? வேற ஆளை அனுப்பிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

"நானேதான். கதையைச் சொல்லுங்க. புயல்ல விட்டீங்க."

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வலது முட்டி முணுமுணுத்தது, கத்தவில்லை. பழைய கட்டை நனைத்து, சுருள் சுருளாகப் பிரித்து, புண்ணைச் சுத்தம் செய்து, புதுத் துணியைச் சுற்றினாள். கப்பல்காரர் புயலைத் தாண்டித் துறைமுகத்துக்கு வந்துவிட்டார். நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஸ்டாப்வாட்ச் அவள் விரல்களையே பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தன. நடுங்கியது ஸ்டாப்வாட்சின் பேனாதான்.

"எழுபத்தெட்டு நிமிஷம்" என்றார் அவர், மூச்சு திரும்பியதும். "மேடு உங்களுக்கே."

வெளியே வந்ததும் வாலு அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. லிஃப்ட்காரர் ஒரு கை கொடுத்தார். தெருவே எட்டிப்பார்த்தது. நர்ஸம்மா, "விடுங்க, விடுங்க, மானம் போவுது" என்றாளே ஒழிய இறங்குகிற உத்தேசமே இல்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் ஸ்டாப்வாட்ச். பையிலிருந்து ஒரு நோயாளியின் கோப்பை எடுத்தார். "இது இவ்வளவு ஏறும்னா இன்னொண்ணும் கேக்கலாமா? அடுத்த மேடு, தண்ணித்தொட்டிப் பக்கம். அதுக்கு யாருமே போக மாட்டேங்குறாங்க. ஒரே ஒரு பேஷன்ட், கால் புண்ணு, ரொம்ப மோசமாயிட்டு வருது. ரெண்டு நர்ஸை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. உங்களால..."

நர்ஸம்மா கீழே இறங்கி, கோப்பை வாங்கி விலாசத்தைப் பார்த்தாள். அப்புறம் பெயரைப் பார்த்தாள். கையிலிருந்த கோப்பு கொஞ்சம் தாழ்ந்தது.

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது. "உங்க அக்காவா?"

கூடப்பிறந்த அக்கா. ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. கடைசியாக அந்த வாசலில் போய் நின்றபோது, முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது. கால் புண் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை யோசிச்சுச் சொல்லுங்க, போதும்" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"புண்ணு திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா மேடம்?" என்றாள் நர்ஸம்மா. கோப்பைப் பைக்குள் வைத்தாள். ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டினாள். "வாலு, பேட்டரியில எவ்வளவு இருக்கு?"

மகள் திரையைக் குனிந்து பார்த்தாள். "ரெண்டு கோடு இருக்கும்மா. ஏறிடலாம். ஆனா கதவைத் திறக்கலைன்னா?"

"அதுக்கு மோட்டார் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் காலை வைத்து அழுத்தினாள்.